பேட்மேன் மாஸ்க் ஆஃப் த ஃபான்டாசம்: சந்தோஷத்துக்கு பயந்தவன் கதை

முதல்லயே சொல்லிடறேன், இதுவரைக்கும் வந்த பேட்மேன் படங்கள்ல எனக்கு ஒண்ணாம் நம்பர், ஆளுங்க வேஷம் கட்டி நடிச்ச படம் எதுவும் கிடையாது. 1993 டிசம்பர் 25ஆம் தேதி அமெரிக்க தியேட்டர்ல ரிலீஸ் ஆகி, வந்த சுவடே தெரியாம போன 76 நிமிஷ கார்ட்டூன் படம்தான். இதை சொன்னாலே ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "ஆரம்பிச்சுட்டான்டா"னு எந்திரிச்சு டீ குடிக்க போயிடறாங்க. சரி, உட்கார்ந்து கேக்கறவங்களுக்காக எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி பையன் வீட்டுக்கு வந்திருந்தான், எட்டாவது படிக்கிறான், அவனுக்கு பேட்மேன்னா கரகரன்னு தொண்டை கட்டின குரல்ல பேசற ஆளு, அவ்ளோதான். "மாமா, கார்ட்டூனா? அதெல்லாம் சின்ன பசங்க பாக்கறது"ன்னு சொன்னான். எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. 2023ல வந்த 4கே டிஸ்க்கை வெளிநாட்டுலேர்ந்து ஒருத்தர் மூலமா வாங்கி வெச்சிருந்தேன் (வந்த பெட்டி ஒரு மூலை நசுங்கி வந்துச்சு, அது தனி சோகம்), அதை போட்டு உட்கார வெச்சேன். நான் எத்தனாவது தடவை பாக்கறேன்னு கணக்கே இல்ல. அவன் முதல் தடவை. அதனால இந்த விமர்சனத்துல பாதி அவன் கேட்ட கேள்விங்கதான்.

ஸ்பாய்லர் இருக்கு. படம் வந்து 30 வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால சண்டைக்கு வராதீங்க. ஆனா படமே பாக்காத ஆளா இருந்தா இங்கயே நிறுத்திட்டு பாத்துட்டு வாங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

கதை என்னன்னா, காத்தம் சிட்டில பழைய ரவுடி கும்பல் தலைவருங்களை ஒவ்வொருத்தரா ஒரு உருவம் வந்து கொல்லுது. எலும்பு முகமூடி, கையில அரிவாள் மாதிரி ஒரு கத்தி, சுத்தி ஒரே புகை. பாத்தவங்க எல்லாம் பேட்மேன்தான் கொன்னுட்டான்னு நினைக்கறாங்க, ஆர்தர் ரீவ்ஸ்னு ஒரு கவுன்சிலர் அதை ஊதி பெருசாக்கி போலீஸையே பேட்மேன் மேல ஏவி விடறான். கமிஷனர் கார்டன் மட்டும் நான் வரமாட்டேன்னு ஒதுங்கிடறாரு. அதே சமயத்துல பேட்மேன் முகமூடிக்குள்ள இருக்கற பணக்காரன் ப்ரூஸ் வேன் பத்து வருஷத்துக்கு முன்னாடி காதலிச்ச ஆண்ட்ரியா போமான்ட் ஊருக்கு திரும்பி வரா. இப்போ நடக்கறதும் பத்து வருஷம் முன்னாடி நடந்ததும் மாத்தி மாத்தி வருது. கேக்க சாதாரண துப்பறியும் கதை மாதிரிதான் இருக்கும்.

ஆனா இந்த படம் எதைப் பத்தினதுன்னா சபதத்தைப் பத்தினது. மத்த பேட்மேன் படம் எல்லாமே அவன் எப்படி முகமூடி போட்டான்னு காட்டும், எந்த பணத்துல கார் செஞ்சான், எந்த மலையில சண்டை கத்துக்கிட்டான், அப்படி. அந்த முகமூடியை போட எதை கழட்டி வெச்சான்னு காட்டினது இது ஒண்ணுதான்னு நான் சொல்வேன்.

ஒரு சீன் இருக்கு. ப்ரூஸ் சின்ன வயசுல செத்துப்போன அப்பா அம்மா கல்லறை முன்னாடி மண்டி போட்டு நிக்கறான், மழை கொட்டுது, இன்னும் பேட்மேன் ஆகல, அப்போதான் ராத்திரி வெளிய போய் ரவுடிங்களை அடிச்சு பழகிக்கிட்டு இருக்கான். ஆண்ட்ரியா மேல காதல் வந்துடுச்சு. அப்பா அம்மாகிட்ட கெஞ்சறான். முன்ன மாதிரி வலிக்கல, ரவுடிங்களை ஒழிக்கறேன்னு நான் வாக்கு குடுத்தேன் உண்மைதான், ஆனா சந்தோஷமா இருப்பேன்னு நான் கணக்கு போடவே இல்லையே, பரவால்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேக்கறான். கல்லறை என்ன சொல்லும், இடி இடிக்குது.

தங்கச்சி பையன் சிப்ஸ் சாப்பிடறதை நிறுத்திட்டான். "மாமா, பேட்மேன் அழறாரா?"

ஆமாண்டா.

எங்க வீட்டுல பாரதம் கேட்டு வளர்ந்தவன் நான், இந்த சீன் வரும்போதெல்லாம் எனக்கு பீஷ்மர் ஞாபகம்தான் வரும். அவரும் அப்பாவுக்காக சபதம் போட்டவர்தான், அம்பை வந்து நின்னு கேட்டப்பகூட அசையல, சபதம்னா சபதம்தான்னு நின்னுட்டாரு. அவ அந்த கோவத்துலயே தவம் இருந்து இன்னொரு பிறவி எடுத்து வந்தா. இங்க கொஞ்சம் உல்டா. இவன் சபதத்தை விட்டுடறேன்னு கெஞ்சறான், அவ போயிடறா, திரும்பி வரும்போது வேற ஆளா வரா. இதை எழுதினவங்களுக்கு பீஷ்மர் யாருன்னு தெரிஞ்சிருக்காது, ஆனா சபதம் போட்டவனுக்கு பெரிய எதிரி ரவுடி இல்ல, சந்தோஷம்தான்னு புரிஞ்சிருக்கு பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன்.

அதுக்கு முன்னாடியே அழகா ஒரு சின்ன சண்டை வெச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் வெளிய போயிட்டு இருக்கும்போது பைக் ரவுடிங்க ஒரு கடைக்காரரை மிரட்டறாங்க, ப்ரூஸ் பாய்ஞ்சு போய் நல்லாத்தான் அடிக்கிறான், நடுவுல ஆண்ட்ரியா பக்கம் ஒரு செகண்ட் கவனம் போகுது, நல்லா வாங்கறான். நமக்காக வீட்டுல ஒருத்தி காத்திருந்தா இந்த வேலையை செய்ய முடியாதுன்னு அவனுக்கு உறைக்கறது அங்கதான். வசனத்துல புலம்ப விடாம அடி வாங்க வெச்சு சொல்லிட்டாங்க.

அப்புறம் அவன் அவளுக்கு மோதிரம் போட்டு கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கற இடம், அதே நிமிஷத்துல தரைக்கு அடியில இருக்கற குகையிலேர்ந்து வவ்வால் கூட்டமா கிளம்பி வானத்தையே மறைக்குது. சினிமாவுல சகுனம்னு காட்டினா நமக்கு சிரிப்புதான் வரும், இதுல வயித்தை பிசையுது. கொஞ்ச நேரத்துல மோதிரம் திரும்பி வந்துடும், கூட ஒரு சின்ன சீட்டு, என்னை மறந்துடுன்னு. அப்புறம்தான் அவன் அந்த முகமூடியை முதல் தடவையா மாட்டறான். கிட்ட நிக்கற ஆல்ஃப்ரெட் அவனை பாத்து அய்யோ கடவுளேன்னு பதறி பின்னாடி நகர்றாரு. மத்த படத்துல ஹீரோ முதல் தடவை டிரஸ் மாட்டினா பின்னாடி மியூசிக் எகிறும், தியேட்டர்ல விசில் பறக்கும். இதுல வளர்த்த மனுஷனே பயப்படறாரு. எனக்கு அது பேட்மேன் பிறந்த சீன் இல்ல, ப்ரூஸ் செத்த சீன்.

இப்போ காமிக்ஸ் படிச்சவங்களுக்கு கொஞ்சம். லயன், முத்து தமிழ் காமிக்ஸ்ல ஆரம்பிச்சு அப்புறம் நடைபாதை பழைய புக் கடையில கிழிஞ்ச இங்கிலீஷ் காமிக்ஸ் தேடி அலைஞ்ச ஆளு நான், அதனால எந்த சீன் எந்த புக்குலேர்ந்து வந்துச்சுன்னு நோண்டறது ஒரு வியாதி. இந்த படம் ரெண்டு கதைக்கு கடன்பட்டிருக்கு. ஒண்ணு ஃப்ராங்க் மில்லர் எழுதி டேவிட் மஸுக்கெல்லி வரைஞ்ச இயர் ஒன், 1987ல பேட்மேன் 404லேர்ந்து 407 வரைக்கும் வந்தது. ப்ரூஸ் முகமூடி இல்லாத காலத்துல தட்டுத்தடுமாறி முதல் ராத்திரி வெளிய போறதும், கட்டடத்துல போலீஸ் படை சுத்தி வளைக்கறதும் அந்த வாசனைதான். இன்னொண்ணு அதே வருஷம் டிடெக்டிவ் காமிக்ஸ்ல வந்த இயர் டூ, மைக் பார் எழுதினது, முதல் பாகம் ஆலன் டேவிஸ் வரைஞ்சாரு, மீதி டாட் மக்ஃபார்லேன். அதுல ரீப்பர்னு எலும்பு முகமூடி போட்டு அரிவாளோட ஒரு கொலைகாரன் வருவான், அவனோட பொண்ணை ப்ரூஸ் காதலிப்பான்.

நியாயமா பாத்தா இயர் டூ எனக்கு பிடிக்காத கதை. அதுல பேட்மேன் அப்பா அம்மாவை சுட்ட அதே துப்பாக்கியை கையில எடுத்துட்டு சுத்துவான், சுட்டவனோடயே கூட்டு சேருவான், என்னப்பா இது. காமிக்ஸ் ரசிகன்னா "புக்குல இருக்கற மாதிரியே எடுக்கல"ன்னு கத்தறவன்னு ஒரு பேர் இருக்கு, நானும் கத்தியிருக்கேன், மறுக்கல. ஆனா இங்க ஆலன் பர்னெட், பால் டினி, மார்ட்டின் பாஸ்கோ, மைக்கேல் ரீவ்ஸ் நாலு பேரும் சேர்ந்து அந்த கதையில உருப்படியா இருந்த எலும்பு முகமூடி, காதல், கல்யாணம் இதை மட்டும் எடுத்துக்கிட்டு துப்பாக்கியை குப்பையில போட்டுட்டாங்க. அங்க அப்பன் கொலைகாரன், பொண்ணு அப்பாவி. இங்க ரவுடிங்க அப்பனை கொன்னுட்டாங்க, பொண்ணு ஆண்ட்ரியாவே பழிவாங்க முகமூடி மாட்டிட்டா. இந்த ஒரு மாத்தத்துலதான் கதையே எந்திரிச்சு நிக்குது, ஏன்னா இப்போ பேட்மேனுக்கு எதிர்ல நிக்கறது அவனே. அவனும் பெத்தவங்களை பறிகொடுத்தான், அவளும் பறிகொடுத்தா, அவன் கொல்லமாட்டேன்னு ஒரு கோடு போட்டுக்கிட்டான், அவ போடல. ரெண்டு பேரும் முதல்ல சந்திச்சதே கல்லறைத் தோட்டத்துலதான், அவ செத்துப்போன அம்மாகிட்ட சத்தமா பேசிட்டு இருப்பா. இவன் அப்போ அப்பா அம்மாகிட்ட மனசுக்குள்ளதான் பேசுவான். வித்தியாசம் அவ்ளோதான்.

முகமூடிக்குள்ள யாருன்னு தெரியாம இருக்க ஒரு நல்ல தில்லாலங்கடி பண்ணியிருக்காங்க. ஃபான்டாசம், அதாவது அந்த எலும்பு முகமூடி உருவத்தோட குரலும் ஆண்ட்ரியா அப்பா குரலும் ஸ்டேசி கீச்னு ஒரே ஆளு. குரலை உன்னிப்பா கேக்கறவன் "ஓ அப்பாதான்"னு தப்பா போய் முட்டிக்குவான். நம்ம பையன் கரெக்டா அதுல விழுந்தான், "மாமா அவங்கப்பாதானே, நான் கண்டுபிடிச்சுட்டேன்"னு காலரை தூக்கி விட்டுக்கிட்டான். நான் வாயை திறக்கல. ஆனா பாவம் 93ல அமெரிக்க பசங்களுக்கு அந்த குடுப்பினை இல்ல, கென்னர் கம்பெனி விட்ட ஃபான்டாசம் பொம்மை முகமூடி இல்லாம ஆண்ட்ரியா தலையோட பெட்டிக்குள்ள நின்னுச்சு, பொம்மை கடைக்கு போனவன் எவனுக்கும் சஸ்பென்ஸ் கிடையாது. இவ்ளோ கஷ்டப்பட்டு குரலை மறைச்சு, கடைசியில பொம்மை பெட்டி காட்டிக்குடுத்துடுச்சு. இன்னொண்ணு, ஃபான்டாசம்ங்கற பேரை படத்துல யாருமே சொல்லமாட்டாங்க, டைட்டில்ல மட்டும்தான். கவனிச்சு பாருங்க.

பேட்மேனோட பெரிய எதிரி ஜோக்கர் பத்தி சொல்லாம எப்படி. பாதி படம் வரைக்கும் ஆளே இல்ல. வல்லெஸ்ட்ரான்னு ஆக்ஸிஜன் குழாயோட மூச்சு வாங்கற ஒரு கிழ ரவுடி, உயிர் பயத்துல, பாழடைஞ்சு போன உலக கண்காட்சி மைதானத்துக்கு உதவி கேட்டு போறான். பத்து வருஷம் முன்னாடி ப்ரூஸும் ஆண்ட்ரியாவும் கைகோத்து சுத்தின அதே கண்காட்சிதான். எதிர்காலம் எப்படி இருக்கும்னு காட்டற ரோபோ, பறக்கற வண்டி, பளபளன்னு ஒரு கார் எல்லாம் அங்க இருந்துச்சு, பேட்மொபைல் யோசனையே அவனுக்கு அங்கதான் முளைக்கும். இப்போ எல்லாம் துருப்பிடிச்சு கிடக்கு, உள்ள ஜோக்கர் குடியிருக்கான். அவங்க கண்ட எதிர்காலத்துல இப்போ ஒரு பைத்தியம் குடித்தனம் பண்ணுது. இதை ஒரு வார்த்தை விளக்காம செட்டை வெச்சே சொன்னதுக்கு கும்பிடணும்.

ஜோக்கருக்கு பேசின மார்க் ஹாமில் குரலை பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் ஒரே ஒரு சீன் மட்டும் சொல்றேன். கவுன்சிலர் ரீவ்ஸுக்கு ஜோக்கர் சிரிப்பு விஷம் ஏத்திடறான், ஆஸ்பத்திரி கட்டில்ல கிடந்து அவனால சிரிப்பை அடக்க முடியல, ராத்திரி பேட்மேன் ஜன்னல் வழியா வந்து விசாரிக்கறான், அவன் பயத்துல அழறான் ஆனா சிரிச்சுக்கிட்டே அழறான். ஜோக்கர் அந்த ரூம்லயே இல்ல. ஆனாலும் அதுதான் படத்துலயே பெரிய ஜோக்கர் சீன். பையன் தலகாணியை கட்டிக்கிட்டான். சின்ன பசங்க பாக்கறதுன்னு சொன்னியேடா.

பேட்மேன் துப்பறிவாளன், இதையும் பல படம் மறந்துடுது. இதுல பழைய ஃபோட்டோ ஒண்ணுல ரவுடிங்க பக்கத்துல நிக்கற ஒரு அடியாளை ரொம்ப நேரம் பாக்கறான், சிகப்பு பேனா எடுத்து அவன் வாயில ஒரு சிரிப்பை வரையறான். அவ்ளோதான், அவன்தான் ஜோக்கர்னு நமக்கு பகீர்னு ஆகுது. பேனாவும் ஃபோட்டோவும் போதும், சூப்பர் கம்ப்யூட்டர் வேணாம்.

கடைசி சண்டை அந்த கண்காட்சிக்குள்ள இருக்கற குட்டி நகரத்துல. இடுப்பளவு கட்டடங்களுக்கு நடுவுல பேட்மேனும் ஜோக்கரும் ராட்சசன் மாதிரி உருண்டு அடிச்சுக்கறாங்க, ஜோக்கர் பல்லு ஒண்ணு தெறிக்குது. பேட்மேனும் ஜோக்கரும் சண்டை போட்டா ஊரே பொம்மை மாதிரி நொறுங்கும்ங்கறதை நிஜ பொம்மை ஊரு வெச்சே காட்டிட்டாங்க.

படம் பாக்க எப்படி இருக்குன்னா, 1992ல டிவியில ஆரம்பிச்ச பேட்மேன் கார்ட்டூன் சீரியல் டீமே எடுத்ததுதான், ப்ரூஸ் டிம்மும் எரிக் ரடோம்ஸ்கியும் டைரக்‌ஷன். ரடோம்ஸ்கி அந்த சீரியல்லயே ஒரு காரியம் பண்ணினாரு, பேக்கிரவுண்டை வெள்ளை பேப்பர்ல வரையாம கருப்பு பேப்பர்ல வரைய வெச்சாரு. இருட்டு முதல்லயே இருக்கும், வெளிச்சத்தை மட்டும் மேல தீட்டணும். அதனாலதான் காத்தம் ராத்திரி அப்படி மை அப்பின மாதிரி இருக்கும். 4கேல அந்த கருப்பு ஆழமா தெரியுது. ஆனா கூடவே குறையும் தெரியுது பாருங்க, அதையும் சொல்லணும், ஒரு சீன்ல மூஞ்சி அம்சமா இருக்கு, அடுத்த சீன்ல அதே மூஞ்சி கோணலா இருக்கு. முதல்ல கேசட்டுக்குன்னு ஆரம்பிச்சு நடுவுல தியேட்டருக்குன்னு மாத்தின படம், அவசரம் அங்கங்க பல்லை காட்டுது. ஆரம்ப டைட்டில்ல கம்ப்யூட்டர்ல பண்ணின காத்தம் மேல கேமரா பறக்கும், அப்போ அசந்திருப்பாங்க, இப்போ பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கு.

ஆனா அந்த டைட்டில்ல கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க. ஷெர்லி வாக்கர் மியூசிக். கோரஸ் ஒண்ணு பயங்கரமா பாடும், லத்தீன் மந்திரம் போலன்னு நான் ரொம்ப வருஷம் நினைச்சிட்டு இருந்தேன், பாத்தா படத்துல வேலை செஞ்சவங்க பேரை தலைகீழா பாட விட்டிருக்காங்க! இவ்ளோ கம்பீரமா ஒரு குறும்பு. ஹாலிவுட் பெரிய படத்துக்கு பொம்பளைங்க தனியா மியூசிக் போடறதே அபூர்வமா இருந்த காலத்துல போட்டவங்க, 2006ல தவறிட்டாங்க. இவங்களுக்கு கிடைச்ச பேர் பத்தவே பத்தாது.

கெவின் கான்ராய். இவரைப் பத்தி எழுதினா கொஞ்சம் தொண்டை அடைக்கும். ப்ரூஸுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல்னு பிரிச்சு பேசினவர். கல்லறை சீன்ல அந்த ரெண்டும் இல்லாத மூணாவது ஒரு குரல் வருது, உடைஞ்ச குரல், பாத்தா அதுதான் நிஜ ஆளு. 2022ல பேட்மேன் காமிக்ஸ் போடற டிசி கம்பெனியோட டிசி பிரைட் புக்குல அவரே ஒரு சின்ன காமிக்ஸ் எழுதினாரு, தன்னோட ஓரினச்சேர்க்கையை மறைச்சு மறைச்சு வாழ்ந்த காலத்தையும் முகமூடிக்குள்ள இருந்து அந்த குரல் எப்படி வந்துச்சுன்னும். அதே வருஷம் நவம்பர்ல செத்துட்டாரு, 66 வயசு. அந்த புக்கை படிச்சப்புறம் கல்லறை சீனை பழைய மாதிரி பாக்க முடியல.

குறை இன்னும் இருக்கு. ஃபான்டாசம் எப்படி புகையா வருது புகையா போகுதுன்னு விளக்கமே இல்ல, அவ எங்க கத்துக்கிட்டா, தெரியாது. பேட்மேனோட கூட்டாளி ராபின் எங்க போனான்னு ஒருத்தரும் கேக்கல. மூணு கிழ ரவுடிங்க பேரும் மூஞ்சியும் முதல் தடவை பாக்கறவங்களுக்கு குழம்பும், பையன் ரெண்டு தடவை பாஸ் பண்ண சொன்னான். கடைசி க்ரெடிட்ஸ்ல ஒரு காதல் பாட்டு வருது, அந்த கால வழக்கம் போல, எதுக்குன்னே தெரியல, நான் ம்யூட்டுல போட்டுடுவேன்.

வசூல்னு பாத்தா அமெரிக்காவுல மொத்தமே 56 லட்சம் டாலர் சொச்சம். விளம்பரம் சரியா இல்ல, கார்ட்டூன்னா குழந்தைங்களுக்குன்னு பெரியவங்க வரல, குழந்தைங்களை கூட்டிட்டு வந்த ஒண்ணு ரெண்டு அப்பனுங்க பயந்திருப்பாங்க. சிஸ்கெல், எபெர்ட்டுனு அங்க பெரிய ரெண்டு விமர்சகர்ங்க தியேட்டர்ல விட்டுட்டு அப்புறம் கேசட்ல பாத்துட்டு பாராட்டினாங்க. கேசட்டும் டிஸ்க்கும்தான் இந்த படத்தை காப்பாத்துச்சு.

யாருக்கு இது செட் ஆகாதுன்னா, நிமிஷத்துக்கு ஒரு சண்டை, நாலு சூப்பர்ஹீரோ கெஸ்ட் ரோல், கடைசியில அடுத்த படத்துக்கு ஒரு துண்டு, இதெல்லாம் எதிர்பாக்கறவங்களுக்கு. சண்டை இருக்கு, நல்லாவும் இருக்கு, ஆனா படம் அதுக்காக எடுத்தது இல்ல. பத்து வயசுக்கு கீழ இருக்கற பசங்களோட பாத்தா ஆஸ்பத்திரி சீன்ல பக்கத்துல இருங்க. பேட்மேன் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க தாராளமா பாக்கலாம், முன்கதை எதுவும் வேண்டியதில்ல.

படம் முடிஞ்சு கப்பல் மேல ஆண்ட்ரியா தனியா நிக்கற சீன் வந்துச்சு. ஒரு ஆளு வந்து தனியா இருக்கணுமான்னு கேக்கறான், தனியாத்தான் இருக்கேன்னு சொல்றா. இந்த பக்கம் வானத்துல வவ்வால் விளக்கு எரியுது, இவன் எந்திரிச்சு வேலைக்கு போறான். பையன் ரிமோட்டை கையில வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், அப்புறம் கேட்டான், "மாமா, அவங்க திரும்ப வருவாங்களா?"

வருவாங்க, 2005ல ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் கார்ட்டூன் சீரியல்ல எபிலாக்னு ஒரு எபிசோட்ல, தலை நரைச்சு, ஒரு குடும்பத்தை கொல்ல ஒத்துக்கிட்டு வந்து, கடைசி நிமிஷத்துல முடியாதுன்னு திரும்பி போவாங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமை வாடா, போட்டு காட்டறேன்னுட்டேன். சிப்ஸ் நீ வாங்கிட்டு வா.